ஆட்டிசத்தோடு வாழும் பெரியவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஆட்டிசம் இருப்பது 37 வயதில்தான் உறுதியானது. அதை வெளியே சொல்லத் தொடங்கியதிலிருந்து ஒரே மாதிரியான கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. கூட வேலை பார்ப்பவர்கள், உறவினர்கள், 'எனக்கும் இருக்குமோ' என்று தயங்கிக் கேட்பவர்கள், ஆட்டிசம் உள்ளவரோடு குடும்பம் நடத்துபவர்கள், வளர்ந்த பிள்ளையின் பெற்றோர் என்று எல்லாரும் கேட்கிறார்கள். நேரில் பதில் சொல்லும்போது பாதியிலேயே எனக்குச் சொற்கள் தீர்ந்துபோகும். அதனால் நிதானமாக உட்கார்ந்து எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. என் அனுபவமும், படித்து உறுதிசெய்துகொண்டதும் சேர்ந்தவை இந்தப் பதில்கள்.

ஆட்டிசம் சின்னக் குழந்தைகளுக்கு வருவதுதானே? பெரியவர்களுக்குமா இருக்கும்?

ஆட்டிசம் மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடு. பிறக்கும்போதே கூட வருவது, வளர்ந்ததும் விட்டுப்போவதில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தை ஆட்டிசம் உள்ள பெரியவராகிறது, பிறகு முதியவராகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகில் ஏறக்குறைய 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. எல்லா வயதினரும் அந்தக் கணக்கில் அடக்கம்.

'குழந்தைகள் விஷயம்' என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்றால், 1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் பரவலாக அறியப்பட்டது. அதில் முதலாவதாக வரும் சிறுவன் டொனால்ட் டிரிப்லெட். அவர் வளர்ந்து வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், பல நாடுகளைச் சுற்றிப் பார்த்தார், 2023இல் தன் 89ஆம் வயதில் காலமானார். கட்டுரையில் இருந்த சிறுவனை உலகம் நினைவு வைத்துக்கொண்டது. அவர் பெரியவராக வாழ்ந்த எழுபது ஆண்டுகளைப் பற்றி அதிகம் பேர் கேட்கவில்லை.

உங்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே? நன்றாகத்தானே பேசுகிறீர்கள்?

தெரியக் கூடாது என்று சிறு வயதிலிருந்தே பழகிக்கொண்டதால் தெரிவதில்லை. இதை மாஸ்கிங் என்கிறார்கள், முகமூடி போட்டுக்கொள்வது. நீங்கள் ஒரு நகைச்சுவை சொல்கிறீர்கள் என்று வையுங்கள். மற்றவர்களின் முகத்தைப் பார்த்து இது சிரிக்க வேண்டிய இடம் என்று கண்டுகொள்கிறேன். எவ்வளவு நேரம் சிரிப்பது, குரல் அதிகமாகிறதா, கையை எங்கே வைப்பது, அடுத்து நான் பேச வேண்டிய முறையா என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனித்துக்கொண்டுதான் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். மற்றவர்களுக்குத் தானாக நடப்பதை நான் ஒவ்வொன்றாக யோசித்துச் செய்கிறேன்.

நீங்கள் பார்ப்பது அந்த ஒரு மணி நேரத்தை மட்டும். முந்தைய இரவு என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்ததும், வீட்டுக்கு வந்து விளக்கைக்கூடப் போடாமல் இரண்டு மணி நேரம் படுத்துக் கிடந்ததும் உங்களுக்குத் தெரியாது. ஒன்றைச் செய்ய முடிகிறது என்பது வேறு, அதற்கு எவ்வளவு செலவாகிறது என்பது வேறு. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் எல்லாருக்கும் இருக்குமே?

ஆறுதலாகத்தான் சொல்கிறீர்கள், தெரியும். ஆனால் மாடி ஏறினால் எல்லாருக்கும் மூச்சு வாங்கும், அதனால் எல்லாருக்கும் கொஞ்சம் ஆஸ்துமா இருக்கிறது என்று நாம் சொல்வதில்லை. சத்தம் பிடிக்காதவர்கள், கூட்டத்தில் கூச்சப்படுபவர்கள், ஒழுங்கை விரும்புபவர்கள் எங்கும் உண்டு. ஆட்டிசம் என்று சொல்ல, பிறரோடு பழகுவதிலும் தொடர்புகொள்வதிலும் வேறுபாடு இருக்க வேண்டும். அதோடு திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள், மாற்றத்தைத் தாங்க முடியாமை, ஆழ்ந்த ஈடுபாடுகள், புலன் வேறுபாடுகள் ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இவை சிறு வயதிலிருந்தே இருந்து, அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கவும் வேண்டும்.

'ஸ்பெக்ட்ரம்' என்ற சொல்லும் இங்கே குழப்பிவிடுகிறது. அது குறைவிலிருந்து அதிகம் வரை போகும் அளவுகோல் இல்லை. ஒருவருக்குப் பேச்சு சரளமாக வரும், ஆனால் தனியாகச் சாலையைக் கடக்க முடியாது. இன்னொருவருக்குப் பேச்சே வராது, ஆனால் ஒரு நாளில் எவ்வளவு சத்தம் இருந்தாலும் பொருட்படுத்த மாட்டார். எனக்கே திங்கட்கிழமை ஒரு மாதிரி, வெள்ளிக்கிழமை ஒரு மாதிரி.

ஒரு மின்விசிறிச் சத்தத்துக்கா இப்படி அவதிப்படுகிறீர்கள்?

பெரும்பாலானவர்களின் மூளை தேவையில்லாத சத்தத்தைச் சில நிமிடங்களில் ஒதுக்கிவிடும். எனக்கு அந்த ஒதுக்கல் சரியாக நடப்பதில்லை. விசிறி, பக்கத்து மேசையில் பேனாவைத் தட்டுவது, சட்டைக் காலரில் உறுத்தும் லேபிள், மின்னும் குழல்விளக்கு, நீங்கள் பேசுவது என எல்லாம் ஒரே முக்கியத்துவத்தோடு உள்ளே வரும். விசிறி மட்டும் இருந்தால் சமாளித்துவிடுவேன். காலையிலிருந்து சேர்ந்த இருபது விஷயங்களோடு அது இருபத்தொன்றாவதாக வருகிறது, உங்கள் கண்ணில் படுவது அந்தக் கடைசி ஒன்றுதான். புலன் வேறுபாடுகள் 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஆட்டிசத்தை அறியும் அடையாளங்களுள் ஒன்றாகவே சேர்க்கப்பட்டன.

இதன் மறுபக்கமும் உண்டு. சில புலன்கள் கூர்மையாக இருக்கும்போதே சில மந்தமாக இருக்கும். பசி, தாகம், சிறுநீர் கழிக்க வேண்டிய உணர்வு போன்று உடலுக்குள் எழும் உணர்வுகள் பலருக்குத் தாமதமாகத்தான் தெரியும். மாலையில் தலை சுற்றும்போதுதான் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை என்பதே எனக்குப் புரியும். அதனால் தண்ணீர் குடிக்க அலாரம் வைத்திருக்கிறேன்.

கையாளும் வழிகள் எளிமையானவைதான். காதடைப்பான் அல்லது சத்தம் குறைக்கும் ஹெட்போன், லேபிள் வெட்டிய துணிகள், கூட்டம் குறைந்த நேரத்தில் கடைக்குப் போவது, தொப்பி, கறுப்புக் கண்ணாடி. சங்கடம் என்னவென்றால், இவற்றைப் பயன்படுத்த வெட்கப்பட்டே பலர் பல வருடம் வலியைத் தாங்கியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான். முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள், தாங்க முடியாமல் போன பிறகு போடுவதில் பாதிப் பயன்தான்.

நேற்று செய்த வேலையை இன்று முடியவில்லை என்கிறீர்கள். இது சோம்பல் இல்லையா?

எனக்கு மிகவும் வலித்த கேள்வி இது, ஏனென்றால் முப்பது வருடம் நானே என்னைக் கேட்டுக்கொண்டது. சோம்பல் என்றால் செய்யாமல் இருப்பதில் ஒரு சுகம் இருக்க வேண்டும். இங்கே செய்ய வேண்டும் என்று மனம் கதறிக்கொண்டிருக்கும், உடல் நாற்காலியிலிருந்து எழாது.

குளிக்கப் போவதை எடுத்துக்கொள்வோம். உங்களுக்கு அது ஒரு வேலை. எனக்கு அது செய்துகொண்டிருக்கும் வேலையிலிருந்து மனதைப் பிடுங்குவது, எழுவது, மாற்றுத்துணி தேடுவது, உடையைக் களையும்போது வரும் குளிர், தண்ணீர் மேலே விழும் உணர்வு, ஈரத்தோடு வெளியே வருவது, துடைப்பது, உலராத தோலில் துணி ஒட்டுவது என்று தனித்தனியாக வரிசையில் நிற்கும் வேலைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டும், ஒவ்வொன்றும் ஒரு புலன் அதிர்ச்சி. நேற்று என்னிடம் அதற்கான தெம்பு இருந்தது. இன்று காலை இரண்டு மணி நேரக் கூட்டம் அதை எடுத்துக்கொண்டுவிட்டது.

இதில் ஆழ்ந்து மூழ்கும் தன்மைக்கும் பங்கு உண்டு. டைனா மர்ரே, மைக் லெஸ்ஸர், வென்டி லாசன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2005இல் எழுதிய கட்டுரையில் இதை மோனோட்ரோபிசம் என்று விளக்கினார்கள். கவனம் பல கிளைகளாகப் பிரியாமல் ஒன்றிரண்டு தடங்களில் முழு வேகத்தில் ஓடுவது. ஓடும்போது அருமையாக இருக்கும், தடம் மாற்றுவதுதான் பாடு. எனக்கு உதவியவை: வேலையைத் தொடங்க இன்னொருவர் சும்மா பக்கத்தில் இருப்பது, முதல் அடியை மட்டும் தாளில் எழுதுவது ('குளி' என்று எழுதாமல் 'துண்டை எடு' என்று), ஒரு நாளில் ஒரு கடினமான வேலைக்கு மேல் வைத்துக்கொள்ளாதது. கூட இருப்பவர்கள் 'நேற்று முடிந்ததே' என்று சொல்வதை விட்டாலே பெரிய உதவி.

கண்ணைப் பார்த்துப் பேசினால் என்ன?

கண்ணைப் பார்த்தால் நீங்கள் சொல்வது காதில் ஏறாது. பலருக்கு அது கூசும் வெளிச்சத்தைப் பார்ப்பது போல இருக்கும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்கிறேன் என்றால் உங்கள் பேச்சை முழுதாகக் கேட்க முயல்கிறேன் என்று பொருள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

போன் செய்தால் எடுப்பதே இல்லை, ஆனால் மெசேஜுக்கு உடனே பதில் வருகிறதே?

போனில் முகம் தெரியாது, எப்போது நிறுத்துவார்கள், எப்போது நான் பேசலாம் என்பது தெரியாது, கேட்டதை யோசிக்க நேரம் கிடைக்காது. மேலே சொன்ன தடம் மாற்றும் சிரமமும் சேர்ந்துகொள்ளும், ஏனென்றால் போன் முன்னறிவிப்பில்லாமல் அடிக்கிறது. எழுத்தில் என் வேகத்தில் படித்து, என் வேகத்தில் பதில் சொல்ல முடிகிறது. அவசரம் என்றால் 'இன்ன விஷயமாக ஐந்து மணிக்கு அழைக்கிறேன்' என்று ஒரு வரி அனுப்பிவிட்டு அழையுங்கள். எடுத்துவிடுவேன்.

ஒரு சின்ன மாற்றம்தானே? அதற்கு ஏன் இவ்வளவு கலக்கம்?

ஒரு நாளை நான் முன்கூட்டியே மனதில் நடத்திப் பார்த்துவிடுவேன். எந்த வழியில் போவது, யார் இருப்பார்கள், எவ்வளவு நேரம், எப்போது திரும்புவது என்று. அந்த ஒத்திகைதான் நாளைத் தாங்கும்படி ஆக்குகிறது. 'போகிற வழியில் ஒருவரைப் பார்த்துவிட்டுப் போகலாம்' என்றால் உங்களுக்குப் பதினைந்து நிமிடம் கூடுகிறது. எனக்கு மொத்த வரைபடமும் கலைந்து, நின்ற இடத்தில் புதிதாக ஒன்று வரைய வேண்டியிருக்கிறது.

மாற்றமே கூடாது என்று யாரும் கேட்கவில்லை. தெரிந்த உடனே சொல்லுங்கள், எது மாறுகிறது, எது மாறவில்லை என்று இரண்டையும் சொல்லுங்கள், கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க விடுங்கள். மகிழ்ச்சியான மாற்றங்களுக்கும் இது பொருந்தும். ஆச்சரியப் பரிசு என்பது பலருக்கு முதலில் ஓர் அதிர்ச்சி, பரிசாகத் தெரிய அப்புறம் நேரம் ஆகும்.

மெல்ட்டவுன் என்று சொல்வது கோபத்தில் கத்துவதைத்தானே?

இல்லை. கோபத்தில் கத்துபவருக்கு ஒரு நோக்கம் இருக்கும், கேட்டது கிடைத்தால் அடங்கும். மெல்ட்டவுன் என்பது தாங்கும் எல்லை உடைந்துபோவது. அழுகை, கத்தல், தலையில் அடித்துக்கொள்வது, ஓடிப்போவது என்று எப்படியும் வெளிவரலாம். அந்த நேரத்தில் கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது, ஏனென்றால் கேட்டது எதுவும் இல்லை. சிலருக்கு இதே உடைவு உள்பக்கமாக நடக்கும். பேச்சு நின்றுபோகும், முகம் வெறுமையாகும், அசையவே முடியாது. இதை ஷட்டவுன் என்கிறார்கள். எனக்கு வருவது பெரும்பாலும் இதுதான், 'முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்' என்று பல வருடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

பக்கத்தில் இருந்தால் என்ன செய்யலாம்? விளக்கையும் சத்தத்தையும் குறையுங்கள். மற்றவர்களை அப்பால் அனுப்புங்கள். கேள்வி கேட்காதீர்கள், 'என்ன ஆச்சு' என்பதும் கேள்விதான். அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். காயம் படாமல் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி அமைதியாக இருங்கள். முடிந்த பிறகு சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள் முழுக்க உடம்பு அடித்துப்போட்டது போல இருக்கும். வெட்கமும் வரும். அப்போது பாடம் நடத்தாமல் இருப்பவர்களை நாங்கள் வாழ்நாளெல்லாம் மறப்பதில்லை.

காலை ஆட்டுவது, கையை உதறுவது... அதை மட்டும் நிறுத்திக்கொள்ளலாமே?

இதற்கு ஸ்டிம்மிங் என்று பெயர். உள்ளே ஏறும் அழுத்தத்தை வெளியேற்றும் வழி, மகிழ்ச்சி பொங்கும்போதும் வரும். யாருக்கும் காயம் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். அடக்கினால் அந்த அழுத்தம் போகாது, முந்தைய பதிலில் சொன்ன எல்லையை நோக்கி ஏறும். தன்னைக் கடித்துக்கொள்வது போல காயப்படுத்துவதாக இருந்தால் மட்டும், அதே உணர்வைத் தரும் பாதுகாப்பான மாற்று ஒன்றைச் சேர்ந்து தேடலாம்.

உங்களுக்கு அடுத்தவர் உணர்ச்சியே புரியாதாமே?

இந்தக் கருத்து எங்களுக்குச் செய்த கெடுதல் அதிகம். எனக்கு அறைக்குள் நுழைந்ததும் யாரோ வருத்தத்தில் இருப்பது தெரியும், சில சமயம் தாங்க முடியாத அளவுக்கு. ஏன், என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தெரியாது. டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார். புரியாமை ஒருவர் பக்கம் மட்டும் இல்லை, இருவகை மனிதர்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளத் தடுமாறுகிறார்கள் என்றார். அதற்கு 'இருபக்கப் பரிவுச் சிக்கல்' என்று பெயர்.

2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில் எட்டு எட்டுப் பேராக நிற்கவைத்து, ஒரு கதையைக் காதோடு காதாகக் கடத்துவது போல ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குச் சொல்லச் செய்தார்கள். எல்லாரும் ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்த வரிசை, எல்லாரும் இல்லாதவர்களாக இருந்த வரிசைக்குச் சமமாகவே கதையைக் கடத்தியது. கலந்து நின்ற வரிசையில்தான் அதிகம் சிதைந்தது. 2025இல் 300க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்தபோது கலந்த வரிசையும் மற்றவற்றுக்கு ஈடாகவே செய்தது. இரண்டிலும் ஆட்டிசம் உள்ளவர்கள் பின்தங்கவில்லை.

இதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது அலெக்சிதைமியா. தன் உணர்ச்சிக்குப் பெயர் சொல்ல முடியாமை. 1973இல் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் இந்தப் பெயரைச் சூட்டினார். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இருப்பதாக ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. 'இப்போது எப்படி இருக்கிறது' என்று கேட்டால் எனக்குப் பதில் மூன்று நாள் கழித்து வரும். 'நெஞ்சு இறுகியிருக்கிறதா, வயிறு கனமாக இருக்கிறதா' என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவேன்.

என் கணவருக்கு ஆட்டிசம். நான் அழுதாலும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். அன்பே இல்லையோ?

அவர் மனதுக்குள் போய்ப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் அந்த இடத்தில் நான் இருந்திருக்கிறேன். நமக்கு வேண்டியவர் அழும்போது உள்ளே பதற்றம் ஏறி, எதைச் செய்தாலும் தவறாகிவிடுமோ என்று உடல் உறைந்துபோகும். மேலே சொன்ன ஷட்டவுன் அதுவாகவும் இருக்கலாம். அழாத ஒரு நேரத்தில் உட்கார்ந்து, 'நான் அழுதால் பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டு இருந்தால் போதும், பேச வேண்டாம்' என்று அப்படியே சொல்லிப் பாருங்கள். 'கேட்டு வாங்கினால் அது அன்பா' என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்டதை நினைவு வைத்துக்கொண்டு, தனக்கு இயல்பில்லாத ஒன்றை ஒவ்வொரு முறையும் செய்வது எனக்கு அன்பாகத்தான் தெரிகிறது. அவர் தன் அன்பை வேறு மொழியில் காட்டிக்கொண்டிருக்கவும் கூடும். உங்கள் பழுதான கடிகாரத்தைச் சொல்லாமலே சரிசெய்து வைத்திருப்பார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் தனிமை உண்மையானது, அதைப் பொறுத்துக்கொள்வது மட்டுமே உங்கள் வேலை இல்லை. அப்புறம், மிரட்டுவது, அடிப்பது, இழிவாகப் பேசுவது போன்றவற்றுக்கு ஆட்டிசம் காரணமாக நிற்காது. அப்படி இருந்தால் உங்கள் பாதுகாப்பை முதலில் பாருங்கள்.

வேலையிடத்தில் சொல்லலாமா, மறைக்கலாமா?

இதற்கு எல்லாருக்கும் பொருந்தும் பதில் இல்லை. சொன்னதால் நிம்மதி கிடைத்தவர்களும் உண்டு, சொன்ன அடுத்த மாதமே முக்கிய வேலைகளிலிருந்து ஒதுக்கப்பட்டவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் நடந்திருக்கிறது. முதல் முறை, நான் சொல்லி முடித்ததும் மேலாளர் குழந்தையிடம் பேசுவது போல மெதுவாகப் பேசத் தொடங்கினார். இரண்டாவது இடத்தில், 'சரி, உனக்கு என்ன வேண்டும்' என்று ஒரே கேள்வி கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்கான பதிலை முதலில் தயார் செய்யுங்கள் என்பதே என் கருத்து. பெயரைச் சொல்லாமலே பலவற்றைக் கேட்டு வாங்கலாம்: வேலையை எழுத்தில் தருவது, எது முதலில் முடிய வேண்டும் என்று தெளிவாகச் சொல்வது, கூட்டத்துக்கு முன்பே பேசப்போகும் விஷயங்களை அனுப்புவது, நடமாட்டம் குறைந்த இருக்கை, ஹெட்போன். இவை கிடைக்காதபோதும், வேலை போகும் ஆபத்து வரும்போதும் பெயரைச் சொல்ல வேண்டி வரலாம். ஐக்கிய நாடுகள் 2006இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, நியாயமான இசைவுகளை, அதாவது மேலே சொன்னவை போல ஒருவருக்குத் தேவையான மாற்றங்களை, மறுப்பதையே பாகுபாடு என்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் அதை எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, கோரிக்கையை எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

படித்துக்கொண்டே வரும்போது என்னைப் பற்றி எழுதியது போல இருக்கிறது. எப்படி உறுதி செய்வது?

மெதுவாக வாருங்கள், அவசரம் இல்லை. இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைச் சொல்லாது. 2001இல் வந்த 50 கேள்விகள் கொண்ட ஏக்யூ, 2011இல் வந்த 80 கேள்விகள் கொண்ட ராட்ஸ்-ஆர் போன்ற வினாத்தாள்கள் உண்டு. அவை மேற்கொண்டு பார்க்கலாமா என்று காட்டும், தீர்ப்பு சொல்லாது. பெரியவர்களைப் பரிசோதித்த அனுபவம் உள்ள மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ பார்க்க வேண்டும். 'பெரியவர்களைப் பார்ப்பீர்களா' என்று முதலிலேயே கேளுங்கள். சிறு வயது விவரங்கள் தேவைப்படும் என்பதால் பழைய பள்ளி அறிக்கைகள், வீட்டுப் பெரியவர்களின் நினைவுகள் உதவும். உங்களுக்கு நினைவு வருவதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், ஏனென்றால் அங்கே உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துவிடும்.

பெண்களுக்கு இது கூடுதலாகத் தவறிப்போகிறது. பழைய விவரிப்புகள் பெரும்பாலும் சிறுவர்களை வைத்தே எழுதப்பட்டவை, பெண் பிள்ளைகள் முகமூடியைச் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள். எனக்கே பதற்றநோய் என்றும் மனச்சோர்வு என்றும் இரண்டு பெயர்கள் வந்த பிறகுதான் இது வந்தது. கவனக்குறைபாட்டு நிலையான ஏடிஹெச்டியும் கூடவே இருக்கலாம். 2013 வரை முன்பு சொன்ன கையேட்டின்படி இரண்டையும் ஒருவருக்கே சேர்த்துக் குறிப்பிட முடியாது, அதனால் பலருக்குப் பாதிப் பதில்தான் கிடைத்திருக்கிறது.

இந்த வயதில் தெரிந்து என்ன ஆகப் போகிறது?

என் அத்தை கேட்டது இது. அவருக்கு நான் சொன்ன பதில்: இத்தனை நாள் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன், அது நின்றது. அதோடு துக்கமும் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். பத்து வயதில் இது தெரிந்திருந்தால் எத்தனை அடி, எத்தனை கேலி தவிர்ந்திருக்கும் என்று மாதக்கணக்கில் அழுதேன். நிம்மதியும் துக்கமும் ஒரே வாரத்தில் மாறி மாறி வந்தால் பயப்படாதீர்கள்.

குணமாகுமா? மருந்து இருக்கிறதா? தடுப்பூசியால் வருகிறது என்கிறார்களே?

தடுப்பூசியால் வருவதில்லை. 1998இல் அப்படிச் சொன்ன கட்டுரையை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றது. பெற்றோரின் அன்புக் குறைவாலும் வருவதில்லை, அப்படி ஒரு காலத்தில் தாய்மார்களைக் குற்றம் சாட்டியது பெரும் அநியாயம். மரபணுக்களின் பங்கு பெரிது. ஆட்டிசத்தை நீக்கும் மருந்து இல்லை. கூட வரும் தூக்கமின்மை, பதற்றம், வலிப்பு, மனச்சோர்வு ஆகியவற்றுக்குச் சிகிச்சை உண்டு, அவற்றைக் கவனித்தால் நாள் நிஜமாகவே இலகுவாகும். 'முழுக்கக் குணப்படுத்துகிறோம்' என்று பணம் கேட்பவர்களிடமிருந்து விலகியிருங்கள்.

சில மாதங்களாகச் சமைக்கவோ பேசவோகூட முடியவில்லை. எனக்குப் பின்னோக்கிப் போகிறதா?

ஆட்டிச பர்ன்அவுட்டாக இருக்கலாம். ஆய்வாளர் டோரா ரேமேக்கரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று அடையாளங்களைச் சொன்னார்கள்: நீடித்த களைப்பு, முன்பு இருந்த திறன்களை இழப்பது, புலன் தூண்டல்களைத் தாங்கும் சக்தி குறைவது. பல வருடம் முகமூடியோடு, தாங்க முடியாத எதிர்பார்ப்புகளோடு, உதவி இல்லாமல் ஓடியதன் விளைவு. முதல் பதில்களில் சொன்ன அந்தச் செலவு, கடனாகி மொத்தமாகத் திரும்பி வருவது.

மனச்சோர்வும் கூடவே இருக்கலாம், ஆனால் 'வெளியே போ, நாலு பேரைப் பார்' என்ற வழக்கமான அறிவுரை பர்ன்அவுட்டில் இருப்பவரை இன்னும் கீழே தள்ளக்கூடும். தேவை எதிர் திசையில்: பொறுப்புகளைக் குறைப்பது, இருட்டும் அமைதியும், பிடித்த விஷயத்தில் மணிக்கணக்கில் மூழ்க அனுமதி, முகமூடி தேவைப்படாத ஒன்றிரண்டு மனிதர்கள். எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. பெரும்பாலானவை திரும்பி வந்தன, சில வரவில்லை. உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காதீர்கள். பேச முடியாவிட்டால் எழுதியாவது ஒருவரிடம் காட்டுங்கள், இன்றே மருத்துவரை அணுகுங்கள். எங்களிடையே இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம், அதனால்தான் இதை இவ்வளவு நேராகச் சொல்கிறேன்.

என் மகனுக்கு 26 வயது. பேச மாட்டான், எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். நீங்கள் எழுதுவது அவனுக்குப் பொருந்துமா? எங்களுக்குப் பிறகு அவன் என்ன செய்வான்?

உங்கள் மகனின் வாழ்க்கையை நான் வாழவில்லை, அவருக்குப் பதிலாகப் பேச எனக்கு உரிமையும் இல்லை. வேலையிடத்தைப் பற்றி எழுதியது பொருந்தாது. சத்தம், மாற்றம், மெல்ட்டவுன் பற்றி எழுதியது பெரும்பாலும் பொருந்தும். ஒருவேளை என்னைவிட அவருக்குத்தான் அதிகம், ஏனென்றால் ஹெட்போன் வேண்டும் என்று அவரால் வாய்விட்டுக் கேட்க முடியாது. பேச்சு இல்லை என்றால் புரிதல் இல்லை என்று கொள்ளாதீர்கள். படங்கள், எழுத்துப் பலகை, டேப்லெட் செயலி என்று தொடர்புக்கு வேறு வழிகள் உண்டு, 26 வயதிலும் தொடங்கலாம். அவர் முன்னால் அவரைப் பற்றி அவர் இல்லாதது போலப் பேச வேண்டாம்.

'எங்களுக்குப் பிறகு' என்ற கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, பல பெற்றோர் செய்து பலன் கண்டதைச் சொல்கிறேன். நீங்கள் திடமாக இருக்கும்போதே வேறொருவர் கையில் அவர் ஒரு வேளை உண்ண, பிறகு ஒரு பகல் இருக்க, பிறகு ஓர் இரவு தங்கப் பழகட்டும். சட்டப்படியான பாதுகாவலர், பணம், மருந்து விவரங்களை இப்போதே எழுத்தில் கொண்டுவாருங்கள். அதைவிட முன்னதாக ஒன்று செய்யலாம், இன்றைக்கே. ஒரு நோட்டை எடுத்து, உங்களுக்கு மட்டும் தெரிந்தவற்றை எழுதத் தொடங்குங்கள். எந்தத் துணி அவருக்கு உறுத்தும், வலி வந்தால் அவர் முகம் எப்படி மாறும், காதைப் பொத்திக்கொண்டால் என்ன அர்த்தம், தூங்குவதற்கு முன் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், எதைக் கையில் கொடுத்தால் சிரிப்பார் என்று.